கப்பலில் ஐந்து காபி

— காசு செல்லாதுன்னா அப்புறம் எதுக்குத்தா என்னைய ரொக்கமா எடுத்துக்கிட்டு வரச் சொன்ன?

— செல்லும்ங்க ஆச்சி. அதாவது, கப்பலுக்குள்ள கடையில நேரா குடுக்க முடியாது. ஏறுனதும் கவுன்டர்ல மொத்தமா கட்டிறணும். அவங்க ஒரு அட்டை தருவாங்க. உள்ள எது வாங்குனாலும் அதைக் காட்டுனாப் போதும். கடைசி நாள் செலவைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருவாங்க.

— ரூம் கதவு திறக்கவும் ஒரு அட்டைன்ன.

— அதே அட்டைதாங்க.

— கதவுக்கும் அதுதான், காபிக்கும் அதுதானா? தொலைஞ்சா?

— கழுத்துல மாட்டிக்கக் கயிறு தருவாங்க ஆச்சி.

— பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி. அதுஞ்சரி.

— வாங்க முத்தாள் ஆச்சி, வாங்க. திருமயத்துலேருந்து இந்த வெயில்லயா நம்ம டிராவல்சுக்கு வந்தீங்க? ஏம்மா இளமதி, ஆச்சிக்கு ஸ்ட்ராங்கா ஒரு காபி சொல்லு.

— வேணாம் குணசேகரா. தண்ணி போதும். அந்தப் புள்ளை கையில வேலை இருக்கு.

— நாலு மணிக்குள்ள முடிச்சிரணும் ஆச்சி. கப்பல்ல செலவுக்கு எப்படிக் கட்டுறீங்கங்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதைச் சொல்லிட்டீங்கன்னா சீட்டு அடிச்சிரலாம், முடிஞ்சுருச்சு. சென்னைக்கு வண்டி கேட்டிருக்கேன், டிரைவர் வந்து நிக்கிறான். ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்.

— போயிட்டு வா. ஏத்தா இளமதி, ஒன் மொதலாளி எப்பவுமே இப்படித்தான் பறப்பாரா?

— ஆமாங்க.

— நீ என்ன படிச்ச?

— பி.எஸ்சி. பிசிக்ஸ்.

— கப்பல்ல போயிருக்கியா?

— இல்லீங்க. கோட்டைப்பட்டினத்துல மீன்பிடிப் படகுதான் பாத்திருக்கேன்.

— நானும் அவ்வளவுதான். சரி, கட்டுறதுக்கு எத்தனை வழி இருக்கு, மறுபடியும் சொல்லு.

— மூணு வழிங்க. ஒண்ணு, ரொக்கம். ரெண்டாவது, உங்க பேங்க் கார்டு.

— அதுக்கு நம்பர் போடணுமே. எனக்கு மறந்துபோயிரும். மூணாவது?

— உங்க மகன் கார்டு. டிக்கெட்டு அதுலதான் எடுத்திருக்காரு. அதனால நம்பர் ஏற்கெனவே இதுல இருக்கு. அவருக்கு ஒரு மெயில் போகும். சரின்னு ஒரு தட்டு தட்டுனாப் போதும்.

— ஆதப்பன் காசு வேணாம். டிக்கெட்டு போட்டதே போதும்.

— சரிங்க ஆச்சி.

— ரெண்டு பேருக்குல்ல போட்டான். டல்லாஸ்லேருந்து நேரா சென்னைக்கு வந்துர்றேன், நாம ரெண்டு பேரும் நாலு நாளு கடல்ல இருப்போம்னான். போன வாரம் லீவு இல்லைன்னுட்டான். கட்டுன காசு திரும்பி வராதாம். நீ மட்டும் போயிட்டு வா ஆத்தாங்கிறான்.

— நீங்க போகலைன்னு சொல்லியிருக்கலாமே.

— சொல்லிட்டு? வீட்டுல பதினெட்டு அறை. பதினேழு பூட்டிக் கெடக்கு. அங்க ஒருத்தியா இருக்குறதுக்கு, கப்பல்ல ஒரே அறையில ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்.

— ஆச்சி, இன்னொண்ணு சொல்லிறணும். சேவைக் கட்டணம்னு தினமும் கழிப்பாங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு.

— ஆளுக்கா, புள்ளிக்கா?

— புரியலைங்க.

— எங்க கோயிலுக்கு வரி வசூலிக்கிறப்ப புருசன் பொண்டாட்டி சேந்து ஒரு புள்ளி. எங்க வீட்டுக்காரரு... அவுக போனதுக்கு அப்புறம் நான் அரைப்புள்ளி. பாதி குடுத்தாப் போதும்.

— இங்க அரை கிடையாதுங்க ஆச்சி. முழு ஆளுதான்.

— பரவாயில்லையே. கடலுக்குப் போனாத்தான் முழு ஆளு போல. போடு.

— அவசரத்துக்குக் கூப்பிட உங்க மகன் நம்பரைப் போட்டிருக்கேன்.

— எப்பக் கூப்பிடுவாங்க?

— உடம்பு சரியில்லைன்னா. வழுக்கி விழுந்துட்டா. அந்த மாதிரி.

— நல்லா இருந்தா?

— நல்லா இருந்தா கூப்பிட மாட்டாங்க ஆச்சி.

— அதுஞ்சரி.

— அப்ப ரொக்கம்னே போட்டுறட்டுங்களா?

— அவன் கார்டை வச்சா என்ன வித்தியாசம்? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

— அதுல ஒரு தொந்தரவு இருக்குங்க. நீங்க அட்டையைக் காட்டுற ஒவ்வொரு தடவையும் அவரு போனுக்கு மெசேஜ் போயிரும். என்ன வாங்குனீங்க, எத்தனை மணிக்கு, எந்த மாடியில, எல்லாமே. போன மாசம் ஒரு அம்மா, மருமகன் கார்டை நீக்குனாத்தான் கப்பல் ஏறுவேன்னு இங்க உக்காந்து ஒரே சண்டை. ரொக்கம்னா நிம்மதிங்க. நீங்க என்ன பண்றீங்கன்னு யாருக்குமே தெரியாது.

— யாருக்குமே?

— யாருக்குமே தெரியாதுங்க ஆச்சி. ரொக்கம்னு அமுக்கிட்டேன். இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து.

— இரு. ஒன் போனு ஒரு தடவை அடிச்சு நின்னுபோச்சு பாரு.

— அம்மாதாங்க. கீரமங்கலத்துல பூக்கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு அர்த்தம்.

— பேசலையா?

— பேச மாட்டோம். ஒரு ரிங்கு விட்டு வச்சிருவாங்க. நானும் காலையில பஸ் ஏறுனா ஒரு ரிங்கு, இறங்குனா ஒரு ரிங்கு.

— இப்பத்தான் போனு பேசக் காசே இல்லையே.

— முன்னாடி காசுக்காகப் பண்ணுனோம். இப்பப் பழகிருச்சு.

— ஒரு நாளு அந்த ரிங்கு வரலைன்னா?

— ஒரு நாளு என் போன்ல சார்ஜ் இல்லைங்க ஆச்சி. அடுத்த பஸ்சைப் புடிச்சு அம்மா இங்க ஆபீசுக்கே வந்துட்டாங்க. கையில பூக்கட்டுற நாரு அப்படியே இருந்துச்சு.

— திட்டுனாளா?

— ரொம்ப.

— ம்.

— ஆச்சி, தண்ணி குடிங்க.

— நான் தினமும் காலையில ஆதப்பனுக்குப் பூப்படம் அனுப்புறேன். ரோசாப்பூ, தாமரை, காலை வணக்கம்னு போட்டு. பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு கட்டைவிரல் வரும். அந்தப் பத்தையும் பாத்தானா, கடைசி ஒண்ணைத்தான் பாத்தானான்னு தெரியாது.

— வேலை அதிகமா இருக்கும்ங்க.

— இருக்கும். இல்லைங்கல.

— கடல்ல சிக்னல் இருக்காது ஆச்சி. ஆனா தனியா நெட்டு வாங்கிக்கலாம். அங்கேருந்தும் படம் அனுப்பலாம்.

— அங்கேருந்து அனுப்புனா மட்டும் பாப்பானாக்கும். ஆனா பணம் போற மெசேஜு வந்தா உடனே எடுத்துப் பாப்பான். ராத்திரி ஆனாலும் பாப்பான். அவனைப் பெத்த அப்பச்சியும் அப்படித்தான், நாலணா போனாலும் எங்க போச்சுன்னு பாத்துட்டுத்தான் கையைக் கழுவுவாக.

— ஆச்சி...

— அந்த ரொக்கத்தை அழிச்சுட்டு அவன் கார்டைப் போடு.

— வேணாம்னீங்களே.

— திரும்பி வந்ததும் செலவான காசை அவனுக்குப் போட்டு விட்டுருவேன். அது என் பாடு. நீ போடு.

— சரிங்க. மெயில் போயிருச்சு. அவரு சரின்னு சொல்லணும்.

— அங்க இப்ப மணி என்ன தெரியுமா? நமக்குப் பதினொண்ணு. அவனுக்கு ராத்திரி பன்னண்டரை. வேலைநாள்ல ஒரு மணிக்கு முன்னாடி படுக்க மாட்டான்.

— கணக்கு வச்சிருக்கீங்களே.

— எங்க வீட்டுல ரெண்டு கடிகாரம் ஓடுது. கூடத்துல இருக்கிறது டல்லாஸ் நேரம். வர்றவங்க, ஆச்சி ஒங்க கடிகாரம் நின்னுபோச்சும்பாங்க.

— வந்துருச்சு ஆச்சி. சரின்னு தட்டிட்டாரு.

— அதுக்குள்ளயா?

— ஒரு நிமிசங்கூட ஆகலை.

— பாத்தியா.

— என்ன இளமதி, முடிஞ்சுருச்சா? ரொக்கமா, கார்டா?

— மகன் கார்டுங்க சார்.

— அது ரொம்ப வசதி ஆச்சி. அப்படியே அந்த பானம் பேக்கேஜையும் போட்டுருங்க. காபி, டீ, ஜூஸ் எல்லாம் சேத்து நாலு நாளைக்கு ஒரே தொகை. ஒரு தடவை கட்டுனா எத்தனை வேணாலும் குடிக்கலாம், முடிஞ்சுருச்சு.

— ஒரு தடவை கட்டுனா அவனுக்கு எத்தனை மெசேஜு போகும்?

— ஒண்ணுதான் போகும். ஏன் ஆச்சி?

— அப்ப வேணாம். நான் தனித்தனியா வாங்கிக்கிறேன்.

— உள்ள ஒரு காபி முந்நூறு ரூவா ஆச்சி. ரெண்டு நாளுல பேக்கேஜ் காசு தாண்டிரும்.

— தாண்டட்டும்.

— உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— தெரியும் குணசேகரா. வண்டி என்னாச்சு, டிரைவரு சரின்னுட்டானா?

— வாடகை பேசிக்கிட்டிருக்கேன். சரி, ஒங்க இஷ்டம். இளமதி, ஆச்சி எப்படிச் சொல்றாங்களோ அப்படியே போட்டுரு. நான் வெளிய நிக்கிறேன்.

— போயிட்டாரா?

— போயிட்டாருங்க.

— எழுதிக்க.

— ஆச்சி, இதுல ஒரு நாளைக்கு எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்னு ஒரு வரம்பு கேக்குது. அதைத்தான் போடணும். எத்தனை காபின்னு சொல்லுங்க, நான் பெருக்கிக்கிறேன்.

— காலையில ஆறு மணிக்கு ஒண்ணு. அப்ப அவனுக்கு முந்தின நாளு சாயந்தரம் ஏழரை. சாப்புட உக்காந்திருப்பான்.

— ஆறு மணி, ஒண்ணு.

— எட்டு மணிக்கு ஒண்ணு. அவனுக்கு ஒம்பதரை. சோபாவுல சாஞ்சுக்கிட்டுப் போனைத்தான் நோண்டிக்கிட்டிருப்பான்.

— ரெண்டு. மத்தியானம்?

— மத்தியானம் வேணாம். அவனுக்கு நடுராத்திரி. தூங்குற புள்ளையை எழுப்பக் கூடாது.

— சரிங்க.

— சாயந்தரம் அஞ்சரைக்கு ஒண்ணு. அங்க ஏழு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிப்பான். எந்திரிச்சதும் போனைத்தான் பாப்பான். நமக்கு ஏழு மணிக்கு வேணாம், அப்ப அவன் காரு ஓட்டுவான். ஏழே முக்காலுக்கு ஒண்ணு. ஆபீசு போயிச் சேந்திருப்பான்.

— நாலு.

— ராத்திரி ஒம்பதரைக்கு ஒண்ணு. அதோட படுத்துக்குவேன்.

— மொத்தம் அஞ்சு ஆச்சி. எல்லாத்தையும் ஒரே கடையில வாங்குவீங்களா?

— இல்ல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாடியில. எந்த மாடின்னும் போகும்னியே. நடமாடுறான்னு தெரியட்டும்.

— சரிங்க ஆச்சி.

— என்னத்தா, எழுதாம என்னையவே பாக்குற?

— ஒண்ணுமில்லீங்க. காபி அஞ்சும் பெரிய கப்புன்னு போடவா, சின்ன கப்பா?

— எதுன்னாலும் சரி. பேருல காபின்னு இருக்கணும். அவன் போன்ல காபின்னு விழணும். அது முக்கியம்.

— ஜூஸ் கூட இருக்குங்க. அதுக்கும் மெசேஜ் போகும். வயசுக்கு நல்லது.

— ஜூஸுன்னா பேசாம இருந்துருவான்.

— ராத்திரி ஒம்பதரைக்குக் காபி குடிச்சா தூக்கம் வராதுங்க ஆச்சி. அதுக்குத்தான் கேட்டேன்.

— யாரு குடிக்கப் போறா? நான் காபி குடிச்சு ஆறு வருஷமாச்சுத்தா. டாக்டரு சொன்ன நாள்லேருந்து தெனமும் போன்ல சண்டை போட்டு அதை நிறுத்துனதே ஆதப்பன்தான்.