பட்டியலில் இருந்த பெயர்

— விரல எடுத்தா ஆள் போயிருவாரு, பொன்னுதுரை. தொடையில பெரிய ரத்தக்குழாய் அறுந்து கெடக்கு. ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிருக்கேன். நீங்க மூக்குத் துணியில மருந்த விடுங்க. எத்தன சொட்டு ஆச்சு?

— பன்னெண்டு, டாக்டரம்மா.

— மெதுவா. குளோரோஃபார்ம் கூடிட்டா மூச்சு நின்னுரும். ஆண்டவரே, எந்தப் பாவி இப்படி வெட்டினான்! இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்ச நாளும் அதுவுமா!

— திடல்ல ஊர்வலம். நர்சுங்க எல்லாம் அங்கதான். டிரெஸர்ங்கிற மொறையில நானும் முதலுதவிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு கோயில் சந்து வழியா போனேன். கீழ கெடந்தாரு. பேச்சா ரிக்‌ஷாக்காரன மடக்கி ஏத்திக்கிட்டு வந்தேன்.

— கட்டு முன்னமே போட்டிருந்துச்சுன்னு சொன்னீங்கல்லா?

— ஆமா.

— துண்டச் சுத்தி, பேனாவச் சொருகி முறுக்கியிருக்கான். வேல தெரிஞ்ச கை. அது இல்லாட்டி காஜா பெராங் முக்கு தாண்டுமுன்ன உயிர் போயிருக்கும். யாரோ வழியில போன ஒரு நல்ல சமாரியன். ஊருக்குப் போனதும் சபையில சாட்சியாச் சொல்லப் போறேன்.

— செவ்வாக்கிழம கப்பலு, இல்ல?

— ஆமா. அதுக்கென்ன?

— சும்மா கேட்டேன். மூணு மாசத்துக்கு வர்றீங்க. தைக்கிறீங்க, ஜெபம் பண்றீங்க, கப்பலேறிடுறீங்க. உங்களுக்கு முன்ன வந்த ரெண்டு டாக்டருங்களும் அப்படித்தான். நீங்க பொழைக்க வச்ச ஆளுங்களோட இதே தெருவுல குடியிருக்கிறது நாங்கதான்லா.

— இப்பவா அந்தப் பேச்சு? அந்தக் கவ்விய எடுத்துக் குடுங்க. குழாயக் கவ்விட்டு நூலப் போட்டு இறுக்கிருதேன்.

— குடுக்கலாம். இவரு யாருன்னு தெரியுமா டாக்டரம்மா?

— யாரா இருந்தா எனக்கென்ன? கவ்விய எடுங்க!

— கிராணி சேதுபதி. எங்க ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதுறவரு, ஆபீஸே இவரு கையிலதான். ஜப்பான்காரன் சயாமுல ரயில் போட ஆள் கேட்டப்ப, பட்டியல் போட்டுக் குடுத்தது இவருதான். பாருங்க, அந்தப் பட்டியல்ல மொதப் பேரே என் பேரு.

— பொன்னுதுரை, சொட்டு வேகமா விழுது.

— நான் பால் மரத்துக் காட்டுல ஒளிஞ்சிக்கிட்டேன். நாங்க குடியிருந்த லயத்துக்கு லாரி வந்துச்சு. நான் இல்லன்னதும், "அண்ணன் இல்லாட்டி தம்பி"ன்னு இவனே என் தம்பி சுப்பையன முடியப் பிடிச்சு இழுத்தான். பதினாறு வயசு. எங்கம்மா இவன் காலக் கட்டிக்கிட்டு அழுதா. பூட்ஸ் காலால மூஞ்சியில உதைச்சான். முன்பல்லு நாலு லயத்து வாசல்ல கெடந்துச்சு. நான் மரத்துக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— ஐயோ.

— சயாமுல தம்பிக்குக் காலு அழுகிப் புழு வச்சிருச்சு. காலராக்காரங்களோட சேத்துப் போட்டு எரிச்சாங்களாம். எரிக்கிறப்ப கை ஆடுச்சின்னு, திரும்பி வந்தவன் ஒருத்தன் சொன்னான். அவன் ஏன் சொன்னான்னு இருக்கு எனக்கு. பதினாலு வருசமா அந்தக் கை ஆடிக்கிட்டே இருக்குது, டாக்டரம்மா.

— எத்தன சொட்டு விட்டீங்க? வாய்விட்டு எண்ணுங்க!

— எண்ணல. இன்னிக்கிக் காலையில மாலையும் கழுத்துமா ஊர்வலத்துக்குப் போறான். சட்டையில கொடி குத்தியிருக்கு. என்னப் பாத்து, "மெர்டேக்கா! சுதந்திரம் வந்தாச்சு தம்பி, சுகமா?"ங்கிறான். என் மூஞ்சி அவனுக்கு ஞாபகமே இல்ல.

— கீழ கெடந்தாருன்னுல்லா சொன்னீங்க?

— பேசினது அதுக்கு முன்ன.

— உதடு நீலமாகுது! புட்டிய எடுங்க, பொன்னுதுரை! எடுங்கன்னா!

— இன்னும் பத்துச் சொட்டு. வலியில்லாம போயிடுவான். என் தம்பிக்கு அதுகூடக் கெடைக்கல.

— என் ரெண்டு கையும் இவரு காலுக்குள்ள இருக்கு. உங்களத் தள்ளவும் முடியாது, அடிக்கவும் முடியாது. பயமா இருக்கு எனக்கு, தெரியுதா? உங்களப் பாத்துத்தான் பயமா இருக்கு. சந்துல ஒருத்தன் இவர் யாரு என்னன்னு கேக்காமக் கட்டிவிட்டுப் போயிருக்கான். அவன் காப்பாத்தினத நீங்க கொல்லாதீங்க.

— கேக்காமக் கட்டினான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருன்னு நல்லாத் தெரிஞ்சேதான் கட்டினான்.

— தெரிஞ்சு கட்டினான்னா அவன் என்னைவிடப் பெரியவன். அந்தக் கட்ட அவுத்துராதீங்கய்யா. உங்களக் கெஞ்சிக் கேக்குதேன்.

— ...இந்தாங்க கவ்வி.

— துணிய மூக்கவிட்டு எடுங்க. தாடையத் தூக்குங்க. இன்னும் நல்லா. நெஞ்ச அமுக்குங்க, விடுங்க, அமுக்குங்க...

— மூச்சு வருது, டாக்டரம்மா.

— வருது. ஸ்தோத்திரம் ஆண்டவரே. நூலு. இன்னொண்ணு. கால் நிக்குமோ போகுமோ தெரியல, உயிர் நின்னுட்டு. நீங்க ஏன் அழுவுதீங்க?

— வேர்வை.

— யாரோ கதவத் தட்டுதாங்க. பாருங்க.

— நான் போலீஸ் கார்ப்பரல் நடராஜன், டாக்டரம்மா. உள்ள வரலாமா? கிராணி பொழைச்சாரா?

— பொழைச்சாரு. இப்பப் பேச முடியாது.

— பேச வேணாம், ஆள் கெடைச்சாச்சு. கோயில் முக்குல எளநீர் விக்கிற அப்துல் கய்யூம். பாராங் கத்தி அவரு வண்டியில உள்ளது, ரத்தத்தோட சந்துல கெடந்துச்சு. நாங்க போறதுக்குள்ள சனங்க அடிச்சுக் கீழ போட்டுட்டாங்க. ஒரு கண்ணு முழுசா மூடிப் போச்சு. எளநீர் சீவுற கட்டையாலயே அடிச்சிருக்காங்க. "நான் இல்ல, நான் இல்ல"ன்னு இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. லாரியில ஏத்தி வச்சிருக்கேன்.

— லாரியிலயா?

— ஆமாய்யா, வாசல்ல நிக்குது. ஏன்?

— பொன்னுதுரை, எங்க போறீங்க? கையக் கழுவுங்க முதல்ல.

— இருக்கட்டும், டாக்டரம்மா. கார்ப்பரல், அவர எறக்கி உள்ள கொண்டாங்க, கண்ணப் பாக்கணும். நீங்க பேர எழுதிக்குங்க.

— யாரு பேரு?

— இந்தக் கிராணி அன்னிக்கு எழுதின அதே பேரு. பொன்னுதுரை. எளநீர் வண்டியில இருந்து பாராங்க எடுத்து வெட்டினதும் நான்தான். ரத்தத்தப் பாத்ததும் கட்டுப்போட்டுப் பழகின கை தாங்காம, அவன் பையில இருந்த பேனாவப் பிடுங்கி முறுக்கிக் கட்டினதும் நான்தான். எழுதுங்கய்யா. இந்தத் தடவையும் என் பேருக்கு வேறொருத்தன் லாரியில போக வேணாம்.