ஆடாத இறுதிப் போட்டி

...இந்த விளையாட்டு விழாவுல ஜெயிச்சவங்க பேர் வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க. கதைன்னு சொல்றேன், ஆனா நான் கண்ணால பார்த்தது.

நான் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன் இல்லை. உங்க வேப்பிலான்குளம் ஸ்கூலை எதிர்த்து ஆடுனவன். சேலம் பக்கத்துப் பையன். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பத்தாறு... மாநில அளவுல பள்ளிகளுக்கான வாலிபால் போட்டி, திருச்சியில. இறுதி ஆட்டத்துக்கு ரெண்டே டீம். ஒண்ணு நாங்க. இன்னொண்ணு நீங்க.

உங்க டீம்ல சுடலைமுத்துன்னு ஒரு பையன். வலைக்குப் பக்கத்துல நின்னு, அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்கிறவன். அவன் தூக்கிக் குடுத்தா பந்து அந்தரத்துல ஒரு நிமிஷம் நிக்கிற மாதிரி இருக்கும். அவனைப் பார்த்து எங்களுக்குப் பயம். பொய் சொல்லலை... நெசமாவே பயம்.

பத்து மணிக்கு ஆட்டம். ஒன்பது மணிக்கு ஸ்டேடியம் ஆபீசுக்கு ஒரு டிரங்க் கால் வருது. சுடலைமுத்துவோட அப்பா வயல்ல வேலை செஞ்சுக்கிட்டிருந்தவர், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாராம்... போயிட்டாரு.

உங்க பி.டி. மாஸ்டர் தேவசகாயம் சார். அவரு நினைச்சிருந்தா என்ன பண்ணியிருக்கலாம்? ரெண்டு மணி நேரம் மறைச்சிருக்கலாம். ஆட்டம் முடிஞ்சு சொல்லியிருக்கலாம். யாரு கேட்கப் போறா? ஆனா அந்த மனுஷன் நேரா வந்தாரு, பையனைத் தோளோட அணைச்சுக்கிட்டாரு, சொல்லிட்டாரு. நான் பக்கத்துக் குழாயில தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் என் காதுல விழுந்துச்சு.

சுடலைமுத்து அழலை. தரையில உட்கார்ந்தான். நீங்க ஆடுங்கடா, நான் மட்டும் போறேன்னான். சார் மத்தவங்களைக் கேட்டாரு. வேற பையன் இருக்கான், ஆடலாம், உங்க இஷ்டம்னு சொன்னாரு. உங்க கேப்டன் மரியசெல்வம்... அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்குது...

"அவன் ஒத்தப் பிள்ள சார். அப்பாவைத் தூக்குறதுக்கு ஆள் வேணும்."

அவ்வளவுதான். எல்லாரும் பையை எடுத்தாங்க. கிளம்பிட்டாங்க.

பத்து மணிக்கு விசில். இந்தப் பக்கம் நாங்க ஆறு பேர். அந்தப் பக்கம்... யாரும் இல்லை. வலை மட்டும் ஆடிக்கிட்டிருக்கு. நடுவர் எங்க பக்கம் கையைக் காட்டினாரு. கப்பைக் குடுத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். பதினஞ்சு வயசு பாருங்க. ஆனா ஊருக்குப் போய், பிரேயர்ல எல்லாரும் கை தட்டினப்போ எனக்குத் தலை நிமிரலை. எங்க பி.டி. மாஸ்டர் பொன்னுரங்கம் சார்கிட்டப் போய், நாம ஜெயிக்கவே இல்லையே சார்னு சொன்னேன். மறுநாளே அவரு தேவசகாயம் சாருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டாரு. உங்க ஊருக்கே வந்து ஆடுறோம், அனுமதி குடுங்கன்னு. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கன்னு பதில் வந்துச்சு.

வந்தோம். பஸ் மாறி மாறி, இதோ... இந்த மைதானத்துக்கு. ஊரே திரண்டு நின்னுச்சு. சுடலைமுத்து மொட்டைத் தலையோட வந்து நிக்கிறான். முதல் ரெண்டு செட்டு நாங்க ஜெயிச்சோம். பந்து அவன் கைக்கே ஒட்டலை. மனசு இங்க இருந்தாத்தானே?

அப்போ கூட்டம் விலகுது. யாருன்னு பார்த்தா... அவங்க அம்மா. பேச்சியம்மா. வெள்ளைச் சீலை. புருஷன் போய் இருபது நாள் ஆகலை, மைதானத்துக்கு வந்து நிக்கிறாங்க. அந்தக் காலத்துல அது லேசுப்பட்ட காரியமா? ஒரு பெரியவர் கேட்டே புட்டாரு, இந்த நேரத்துல நீ இங்க வரலாமா தாயின்னு. அந்தம்மா அவரைத் திரும்பிப் பார்க்கலை. பிள்ளையையே பார்த்துக்கிட்டு சொன்னாங்க...

"அவுக ஒரு ஆட்டங்கூடப் பாக்காமப் போயிட்டாக. அவுகளுக்கும் சேத்து நான் பாத்துட்டுப் போறேன்."



அப்புறம் சுடலைமுத்து ஆடினான் பாருங்க... மூணாவது செட்டு அவங்களுக்கு. நாலாவதும் அவங்களுக்கு. அஞ்சாவது செட்டு பதினாலுக்குப் பதினாலு. எங்களுக்குள்ள ஒருத்தன் காதோட கேட்டான், விட்டுக் குடுத்துடலாமாடான்னு. நான் சொன்னேன், அது அவனுக்குச் செய்யிற அவமரியாதை, உயிரைக் குடுத்து ஆடுன்னு. ஆடினோம். பதினாறுக்குப் பதினாலு. நாங்க ஜெயிச்சோம். உங்க ஊரு எங்களுக்குக் கை தட்டுச்சு. அன்னைக்குத்தான்யா அந்தக் கப்பு எங்களுக்குச் சொந்தமாச்சு. அதுவரைக்கும் அதை நாங்க சும்மா வெச்சிருந்தோம்.

தம்பிகளா, தங்கச்சிகளா... இன்னைக்கு, ஜெயிச்சவங்க பேர் எழுதுற இந்தப் பலகையில நிறையப் பேர் ஏறப் போகுது. ஓடி ஜெயிச்சவங்க, தாண்டி ஜெயிச்சவங்க, எல்லாரும் கொண்டாடப்பட வேண்டியவங்க. ஆனா ஒரு டீம் எப்போ டீம் ஆகுது? பாயிண்ட் எடுக்கும்போதா? பக்கத்துல நிக்கிறவன் வீட்டுல எழவு விழுந்துச்சுன்னு கேட்டதும், கைக்கு எட்டுற தூரத்துல இருந்த கோப்பையை வேண்டாம்னு வெச்சுட்டு அவன்கூட பஸ் ஏறினாங்களே... அப்போ. அந்த வருஷம் இவங்க ஆடாத ஆட்டத்தை, நாற்பது வருஷமா நான் யாருக்கும் சொல்லாம இருந்ததில்லை. என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இப்போ பேத்திக்குச் சொல்றேன்.

நீங்க ஜெயிங்க. நல்லா ஜெயிங்க. ஆனா உங்களை எதிர்த்து ஆடுன ஊர்க்காரன் ஒருத்தன் நாற்பது வருஷம் கழிச்சு வந்து உங்களைப் பத்திப் பேசணும்... அப்படி ஆடுங்க.

முன்வரிசையில அந்த டீம் உட்கார்ந்திருக்கு. எண்பத்தாறாம் வருஷத்து டீம்... எழுந்திருங்கப்பா. இந்தப் பிள்ளைங்க உங்க முகத்தைப் பார்க்கட்டும்.