மற்றும் பலர்

"...படத்துக்கடியில வெள்ளக்கார துரை பேரு இருக்கு, கணக்கெழுதுற கிராணி பேரு இருக்கு, எங்கம்மா மட்டும் 'மற்றும் பலர்'னா எப்படி லா?"

புக்கிட் ரோத்தான் கோயில் மண்டபத்தில் ரப்பர் தோட்டத்துப் பழைய படங்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிய ஓர் அக்கா, எனக்கு முன் இருக்கையில் தோழியிடம் பொருமிக்கொண்டிருந்தார்.

"முகமே மங்கலா இருந்துச்சேக்கா."

"துரை முன்னாடி இடுப்புல கைய வச்சு நின்னது எங்கம்மா மட்டுந்தான்."

"அப்ப எழுதிட்டு வர்றதுதானே? பேரு தெரிஞ்சவங்க எழுதத்தான் படத்துக்குப் பக்கத்துல பென்சில் கட்டி விட்டிருந்தாங்க."

"நமக்கா அது? ஆபீசருங்களுக்குன்னுல்ல நெனச்சேன்!"

தோழி சிரித்துவிட்டார். "சாயங்காலம் படத்தயெல்லாம் கழட்டிடுவாங்கக்கா."

அக்கா உடனே மணியை அழுத்தினார். பஸ் நிற்கும்வரை உள்ளங்கையில் விரலால் 'முனியம்மா' என்று எழுதிப் பார்த்தார். பிறகு இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தார்.