ஆவி பிடித்த சிலிக்கா

காலையில் மாத்தே இலைச்சாறு குடிக்காமல் எனக்குக் கை ஓடாது. நம் ஊரான மார் தெல் பிளாத்தாவில் அது குற்றமில்லை. ஆய்வகத்துக்குள் குடிப்பதுதான் குற்றம். அதையும் இயக்குநரான நீங்கள் உட்பட எல்லோரும் இருபது வருடமாகச் செய்துவருகிறோம். இலைத்தூள் போட்ட ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், வட்டமாகக் கைமாறும். கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றுவது நான்.

லுட்மிலா அந்த வட்டத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. என் பழைய ஜோக்குகளுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் ஒரே ஆள். அவள் ஆராய்ச்சி சிலிக்கா பொடியில். பொடியின் மேற்பரப்பில் சிலேன் என்ற ரசாயனத்தைப் பிணைத்து, அதைப் பாலிமரோடு கோத்துவிட்டால், நானூறு டிகிரியிலும் கருகாத படலம் கிடைக்கும். கிடைத்தால் முனைவர் பட்டம். பட்டம் வந்தால் ஜெர்மனி. அங்கே அவளுக்கு இடம்கூடத் தயாராக இருந்தது.

பொடி சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறினால் சிலேன் பொடியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு உறவு கொண்டாடப் போய்விடும். அடுப்பில் காயவைத்து, மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் ஆறவைப்பது என் வேலை. நான் ஒழுங்காகத்தான் காயவைத்தேன். ஆறும்போது மட்டும் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, கெட்டிலின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பிவைத்தேன். சளி பிடித்த குழந்தைக்கு ஆவி காட்டுவதில்லையா, அந்த மாதிரி.

படலம் இருநூற்றைம்பதிலேயே கருகியது.

"தோன் இலாரியோ, எனக்குக் கைராசியே இல்ல. நான் தொட்டாலே கருகுது," என்று என்னிடம் அழுதாள்.

"அடி பைத்தியமே, இதுக்கா அழுவாங்க? இந்தா, ஒரு வாய் குடி. நாளைக்கு இன்னொரு தடவ பண்ணிப் பாரு."

சொல்லும்போது எனக்கும் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை ஐயா.

நாற்பத்தோரு தடவை பண்ணிப் பார்த்தாள். நீங்கள் அமைத்த குழு கரைப்பானைச் சந்தேகித்தது, அடுப்பைச் சந்தேகித்தது, கடல் காற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கெட்டிலைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எழுதினால், ஆய்வகத்துக்குள் கெட்டில் எப்படி வந்தது என்றும் எழுத வேண்டுமே. குழுத் தலைவர் என் கையால் இரண்டு சுற்று குடித்துவிட்டுத்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு முன்னால் கொன்சாலோவின் பொடிக்கும் இதே வைத்தியம்தான். அவன் நாலு வருடம் எங்களோடு இருந்தான், நல்ல பையன். கடைசியில் ஆராய்ச்சியே வேண்டாமென்று போய், இப்போது தந்தீல் ஊரில் சலாமி இறைச்சி விற்கிறான். ஜெர்மனியைவிடத் தந்தீல் எவ்வளவோ பக்கம். இருந்தும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வெள்ளிக்கிழமை லுட்மிலாவின் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டதாக அறிவித்தீர்கள். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், சொந்த ஊரான டிரெலேவுக்கு. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. நாற்பத்தோரு தடவையும் கெடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இன்னும் மூன்று வருடம் கொடுங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும். பொடியை நானே காயவைத்துத் தருகிறேன்.