தள்ளி நிற்கும் அலிஃப்

தங்கை: கையை எடுண்ணா, மாவு பிசையணும். பலகை முழுக்க மாவுல கிறுக்கி வச்சிருக்கே.

அண்ணன்: கிறுக்கல் இல்லை. அரபி.

தங்கை: ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு. வலது பக்கத்துலேருந்து இழுக்கிறே, பார்க்கவே தலை சுத்துது.

அண்ணன்: பழகினா சரியாயிடும். இங்க பாரு... இந்த வளைவுக்கு மேல புள்ளி வச்சா ஒரு எழுத்து. கீழ வச்சா வேற எழுத்து. புள்ளியே இல்லைன்னா அது இன்னொண்ணு.

தங்கை: தமிழ்ல புள்ளி வச்சா உயிர் போகும். இதுல?

அண்ணன்: ஆளே மாறிடும். ஆரம்பத்துல போன்ல தெரிஞ்ச புள்ளியை எல்லாம் தூசின்னு துடைச்சிட்டிருந்தேன்.

தங்கை: துடைச்சிருப்பே. நீ செய்யக்கூடிய ஆள்தான்.

அண்ணன்: சிரிக்காதே. இன்னும் கேளு. உயிரெழுத்தைப் பாதி எழுதவே மாட்டாங்க. மெய்யை மட்டும் எழுதிட்டு, உயிரை நீயே போட்டுக்கோன்னு விட்டுடுவாங்க.

தங்கை: தப்பாப் போட்டுட்டா?

அண்ணன்: அர்த்தம் மாறிடும். முன்னாடி பின்னாடி பார்த்துதான் பிடிக்கணும்.

தங்கை: அப்ப உன்கூடப் பேசுற மாதிரிதான். நீயும் பாதிதான் சொல்வே, மிச்சத்தை நாங்க போட்டுக்கணும்.

அண்ணன்: போதும்...

தங்கை: சரி, மோட்டார் ரிப்பேர் பண்ற ஆளுக்கு அரபி எதுக்கு?

அண்ணன்: சாமான் எல்லாம் எங்கெங்கேருந்தோ வருது. பெட்டி மேல எழுதியிருக்கும்ல...

தங்கை: பெட்டியைப் படிச்சா இத்தனை வருஷம் மோட்டாருக்குக் காயில் சுத்தினே?

அண்ணன்: மாவுக்குத் தண்ணி எடுத்துத் தரவா?

தங்கை: முதல்ல எதை வாசிச்சே? அதையாவது சொல்லு.

அண்ணன்: ஒரு போர்டு.

தங்கை: எந்த போர்டு?

அண்ணன்: பக்கத்துக் கடை போர்டு.

தங்கை: யாரு, தையல்காரம்மா கடையா?

அண்ணன்: எங்க தெருவுல வேற யாரு அரபில போர்டு வச்சிருக்கா?

தங்கை: கோவிச்சுக்காதே. என்ன எழுதியிருக்கு அதுல?

அண்ணன்: ‘இங்கே துணி தைக்கப்படும்.’

தங்கை: அதுக்கா இந்தப் பாடு? ஜன்னல் நிறைய துணி தொங்குதேண்ணா.

அண்ணன்: உனக்குப் புரியாது. ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவிப் போய், கடைசில சட்டுனு ஒரு வார்த்தையா நிக்கும் பாரு... அன்னிக்குக் கடையைத் திறக்கக்கூட மறந்துட்டு அங்கேயே நின்னேன்.

தங்கை: பெட்டிக் கதை அவ்வளவுதானா?

அண்ணன்: அவ்வளவுதான்.

தங்கை: சரி, மீதியையும் சொல்லிடு. நான் பிசைஞ்சுகிட்டே கேக்குறேன். உன் மூஞ்சியைப் பார்க்கலை.

அண்ணன்: அவங்களை அவங்க அக்கா வேற ஊருக்குக் கூப்பிடுறாங்களாம். இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ணிட்டு வந்துடுன்னு. அக்கா படம், காலண்டர், பூட்டுன்னு ஒவ்வொண்ணாக் காட்டிப் புரிய வச்சுட்டு, என்ன பண்றதுன்னு தெரியலைன்னு கையை விரிச்சாங்க.

தங்கை: நீ என்ன சொன்னே?

அண்ணன்: என்னத்தைச் சொல்ல? எங்களுக்குள்ள பொதுவா இருக்கிறது சந்தையில பேசுற நாலு வார்த்தை. அதை வச்சு ‘என்ன விலை’ன்னு கேக்கலாம், ‘நாளைக்கு வா’ங்கலாம். இதைக் கேக்க அதுல வார்த்தை கிடையாது.

தங்கை: எதைக் கேக்க?

அண்ணன்: அதான்... உன் அண்ணி தவறிப் போனதுக்கப்புறம் நான் இப்படியெல்லாம்... நீ என்ன நினைப்பியோன்னு...

தங்கை: அண்ணி போனதுக்கப்புறம் நீ ஒரு தடவையாவது இவ்வளவு நேரம் சேர்ந்தாப்ல பேசியிருக்கியா? நான் என்ன நினைக்கப் போறேன். மாவுல உப்பு கூடியிருந்தாக்கூட இன்னிக்கு எனக்குத் தெரியாது. சொல்லுண்ணா.

அண்ணன்: ‘இங்கேயே இருங்க.’ அவ்வளவுதான். பொம்பளைகிட்டச் சொல்றப்ப கடைசில ஒரு எழுத்து சேரணும். அதுகூடத் தேடிக் கத்துக்கிட்டேன். வெறுமனே சொன்னா நாக்கு குழறுது. எழுதி வச்சு வாசிச்சா நிக்குது.

தங்கை: எழுது பார்ப்போம். இந்தா, அந்த ஓரத்துல மாவு தூவியிருக்கேன்.

அண்ணன்: இது முதல் எழுத்து... இதோட ரெண்டாவது...

தங்கை: சேக்காதே, சேக்காதே. அலிஃப் அடுத்ததோட ஒட்டாது. கோட்டைப் போட்டுட்டு, தள்ளி ஆரம்பி.

அண்ணன்: ஆமால்ல... இரு. அலிஃப்னு எழுத்தோட பேரை நான் சொல்லவே இல்லையே.

தங்கை: சொல்லலையா?

அண்ணன்: சொல்லலை. தலை சுத்துதுன்னே. உனக்கு எப்படித் தெரியும்?

தங்கை: அடுப்பைப் பார்த்துட்டு வரேன்...

அண்ணன்: அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலை. உக்காரு.

தங்கை: கோவிச்சுக்க மாட்டியே?

அண்ணன்: உன்மேல எப்ப கோவிச்சிருக்கேன்? சொல்லு.

தங்கை: தையல்காரம்மா வாரா வாரம் இங்க வராங்கண்ணா, தமிழ் கத்துக்க. ழகரத்தோட மல்லுக்கட்டிட்டு, போறப்ப எனக்கு ஒரு எழுத்து சொல்லிக் குடுத்துட்டுப் போவாங்க. ஊருக்கு வரலைன்னு அவங்க அக்காகிட்டப் போன வாரமே சொல்லிட்டாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. தினமும் போர்டு முன்னாடி நின்னு நீ உதட்டை அசைக்கிறதைக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டுதான் இருக்காங்க. நீ என்னிக்கு உள்ள வந்து சத்தமா வாசிப்பியோன்னு காத்திருக்காங்க.