கடைசி ரீலில் இருந்த நீதி

குளுவாங் டவுன் கொட்டகையில் மத்தியானப் படம் முடிவதற்குள் எங்கள் ரயில் கிளம்பிவிடும். அதனால் ரப்பர் தோட்டத்து ஆட்கள் கடைசி ரீலைப் பார்க்காமலே எழுந்து ஓடுவது வழக்கம். அந்த ஞாயிறும் ஓடினோம். ரயிலில் என் எதிரே ஒரு புருஷனும் பெண்சாதியும் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார்கள்.

“கட்டினவள வீட்டுல வச்சுக்கிட்டு நாடகக்காரி பின்னால அலையறான். இதுல என்னங்க நீதி இருக்கு?” என்றாள் அவள்.

“படத்துக்கு எதுக்குப் புள்ள நீதி? பாட்டு இருக்கு, சிரிப்பு இருக்கு. போதாதா?”

“அவன் அலைஞ்சுக்கிட்டே இருந்தா, பாக்கிற ஆம்பளைங்களுக்கு என்ன புத்தி வரும்?”

“எங்க அலையறான்? நாடகக்காரி அவன் கைக்கடிகாரத்தப் புடுங்கிக்கிட்டு வெரட்டிடறா. வீட்டுக்கு வந்து பெண்டாட்டி கால்ல விழுந்து அழுவறான். அவ ரெண்டு நாள் சோறு போடாம, அப்புறம் சேத்துக்கிறா.”

அவள் சன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினாள்.

“நாமதான் அதுக்கு முந்தியே எந்திரிச்சு வந்துட்டோமே. நீங்க எப்பப் பாத்தீங்க?”

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

“போன ஞாயிறு, கோயிலுக்கு வேண்டிக்கிட்டு நடந்தே போய் வந்தேன்னீங்க. ரயில விட்டுட்டுத்தான் நடந்தீங்களா? நான் வேற கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவி விட்டேன்.”

“படம் நல்லாருந்துச்சு. அதான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன்.”

“நல்லாத்தான் இருக்கு. எத்தன நாள் சோறு போடலன்னீங்க? ரெண்டா?”

சீனப் பல் வைத்தியர் கடையில் பல் பிடுங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த நான், எங்கள் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கும்போது கன்னத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.