புகை விடாத வீட்டுக்குப் பங்கு இல்லை

தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்துபோன மழைக்கு அடுத்த கோடை அது. வெள்ளத்தோடு போன மூக்குக்கண்ணாடிக்குப் பதில் புதுசு வாங்க, ஏரலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனேன். முன்சீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அம்மாள். அவளுக்குப் பின்னால், அவள் தெருவுக்கே பொதுவாகச் சூரியத் தகடு போட்ட சங்கத்தின் செயலாளர்.

"புகையே விடாதவளுக்குப் பங்கு கிடையாதாம்லா!" என்றாள் அவள்.

"நான் என்ன செய்யட்டும் மைனி? முந்தி விட்ட புகையில எவ்வளவு குறைஞ்சிருக்குன்னுதான் தகட்டுக்குப் பணம் குடுத்தவிய அளக்கச் சொல்லுதாவ. மிச்சம் காட்டுத வீட்டுக்குத்தான் இனிமே கரண்டுப் பங்கு."

"தகடு வாரதுக்கு முந்தி, கரண்டு போனப்பல்லாம் நான் ஆட்டுரல்ல ஆட்டுனேன். எதுத்த வீட்டு அண்ணாச்சி டீசல் ஜெனரேட்டரப் போட்டு தெருவையே இரும வச்சாவ. அவியளுக்குப் பங்கு, எனக்கு முட்டையா? என் கிரைண்டர் எதுல ஓடும்?"

"தாள்ல பூச்சியம்னு வந்துட்டே, மைனி."

"என் கை காப்புக் காய்ச்சிக் கெடக்கே, அத எவனாவது அளந்தானா?"

செயலாளர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி தம்பி. அடுத்த சங்கக் கூட்டத்துல எல்லார்ட்டயும் சொல்லிருங்க. நானும் ஒரு பழைய ஜெனரேட்டர் வாங்கி, ஒரு மாசம் நல்லா புகைய விடப்போறேன். அதுக்கப்புறம் நிப்பாட்டிருதேன், எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு வந்து அளக்கச் சொல்லுங்க."